'ஒரே ரூம் போதும்' என்ற கணக்கு

வளர்ந்த பிள்ளைகளோடு சுற்றுலா செல்லும் வணிகர்களுக்குச் சில அனுபவக் குறிப்புகள்



சரக்கு வாங்குவதில் நம்மை ஒருவர் ஏமாற்றிவிட முடியாது. துவரம்பருப்பைக் கையில் அள்ளிப் பார்த்தே அது எந்த ஊர் மில் என்று சொல்லிவிடுவோம். மூட்டை 50 கிலோ என்றால் சாக்கு எடை சேர்த்தா, கழித்தா என்று கேட்காமல் இறக்க மாட்டோம். வண்டி வாடகை யார் பொறுப்பு, கட்டுக் கூலி யார் பொறுப்பு என்பதெல்லாம் முதலிலேயே பேசி முடித்துவிடுவோம். ஆனால் ஆண்டுக்கு ஒரு முறை, இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை குடும்பத்தை அழைத்துக்கொண்டு வெளியூர் கிளம்பும்போது இந்தச் சாமர்த்தியம் எல்லாம் எங்கே போகிறதோ தெரியவில்லை. "ஒரு ரூம் போட்டு வைங்க, நாங்க வந்துடறோம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். அப்படி முடித்தவர்களில் நானும் ஒருவன். என் கதையையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

2023ஆம் ஆண்டு மே மாதம். மே 5 வணிகர் தினத்துக்குக் கடை அடைத்ததோடு சேர்த்து இன்னும் இரண்டு நாள் அடைத்துவிட்டு ஊட்டி போகலாம் என்று முடிவு செய்தேன். நான், மனைவி, அம்மா, ஒன்பதாம் வகுப்பு முடித்த மகள், ஏழாம் வகுப்பு முடித்த மகன் என்று ஐந்து பேர். விடுதிக்குப் போன் செய்து, "ரெண்டு பெரியவங்க, ஒரு வயசானவங்க, ரெண்டு குழந்தைங்க" என்றேன். "வாங்க சார், எக்ஸ்ட்ரா பெட் போட்டுக்கலாம்" என்றார்கள். முன்பணம் அனுப்பினேன். குழந்தைகளின் வயது என்ன என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கரூரிலிருந்து விடியற்காலை புறப்பட்டு, மலைப்பாதையில் வண்டிகள் எறும்பு வரிசையாக நின்ற நெரிசலைக் கடந்து, போய்ச் சேரும்போது மதியம் இரண்டரை மணி. ரிசப்ஷனில் இருந்த தம்பி பிள்ளைகளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சார், ரெண்டு பேருக்கும் பன்னிரண்டு வயசு ஆயிடுச்சே, இவங்க பெரியவங்க கணக்குல வருவாங்க. அஞ்சு பேரை ஒரு டபுள் ரூம்ல விட முடியாது" என்றார். வேறு ரூம் இருக்கிறதா என்றால் சீசனில் எங்கே இருக்கப் போகிறது? அரை மணி நேரம் வாக்குவாதம். கடைசியில் 3,500 ரூபாய் ரூமில், மெத்தை ஒன்றுக்கு 800 ரூபாய் வீதம் இரண்டு மெத்தைகளைத் தரையில் போட்டுக் கொடுத்தார்கள். வரி நீங்கலாக 5,100 ரூபாய். கதவைத் திறந்தால் மெத்தையை மிதிக்காமல் உள்ளே போக முடியாது.

ஐந்து பேருக்கு ஒரே குளியலறை. வெந்நீர் காலை 6 மணி முதல் 8 மணி வரைதான். அம்மாவுக்கு முதலில், பிறகு எனக்கு, பையனுக்கு என்று வரிசை போனதில் மகளின் முறை வரும்போது குழாயில் பச்சைத் தண்ணீர்தான் வந்தது. 2,200 மீட்டருக்கு மேல் உயரமுள்ள ஊரில் பச்சைத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மூன்று நாளும் அவள் முகம் கொடுத்துப் பேசவே இல்லை. தாவரவியல் பூங்காவில் எல்லாரும் படம் எடுத்துக்கொண்டோம். அவள் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சுகம் அதிகமாகிவிட்டது என்று நான் வண்டியில் வரும்போது சத்தமாகவே சொன்னேன்.

அந்த மூன்று நாட்களும் அவளுக்கு மாதவிலக்கு நாட்கள் என்பதை ஊருக்குத் திரும்பிய பிறகுதான் மனைவி சொன்னார். அப்பா, தம்பி, பாட்டி எல்லாரும் இருக்கிற ஒரே அறையில், தாழ்ப்பாள் சரியாக விழாத ஒரு குளியலறையோடு அந்தப் பெண் மூன்று நாள் எப்படி இருந்திருப்பாள்? தராசில் பத்து கிராம் குறைந்தால் கண்டுபிடிக்கிற எனக்கு இது தெரியாமல் போயிற்று.

அடுத்த ஆண்டு, 2024இல், அவள் பத்தாம் வகுப்புத் தேர்வு முடித்திருந்தாள். "இந்த வருஷம் எங்கே போகலாம்?" என்று கேட்டேன். "நீங்க போயிட்டு வாங்கப்பா, நான் பெரியம்மா வீட்டுல இருந்துக்கறேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். அந்த ஆண்டு நாங்கள் எங்கும் போகவில்லை.

பிள்ளைகள் என்ன வயது?

விடுதிக்காரர் கணக்கும் நம் கணக்கும் இங்கேதான் வேறுபடுகின்றன. நமக்கு நம் பிள்ளை கல்யாணம் ஆகும் வரை குழந்தைதான். பெரும்பாலான விடுதிகளில் ஐந்து, ஆறு வயது வரை கட்டணம் இல்லை. அதற்கு மேல் பன்னிரண்டு வரை சிறுவர் கட்டணம். பன்னிரண்டைத் தாண்டினால் பெரியவர். ரயிலில் பன்னிரண்டு வயது ஆனால் முழு டிக்கெட் எடுக்கிறோமே, அதுபோல. விடுதிக்கு விடுதி இந்த வயது வரம்பு கொஞ்சம் மாறும் என்பதால் கேட்டுக்கொள்வதே நல்லது. ஆனால் பதினான்கு வயதுப் பிள்ளையைக் குழந்தை என்று எந்த விடுதியும் ஒப்புக்கொள்ளாது.

ஆன்லைனில் பதிவு செய்யும்போதும் இதே தவறு நடக்கிறது. ஆட்களைக் குறைத்துப் போட்டால் ரேட் குறைவாகக் காட்டும். வாடகை குறைந்தது என்று மகிழ்ந்துவிட்டுப் போனால், மீதிக் காசை ரிசப்ஷனில் வாங்கிக்கொள்வார்கள். அவர்கள் மேல் குற்றம் சொல்ல முடியாது. எடையைக் குறைத்துச் சொல்லி லாரியில் ஏற்றினால் செக்போஸ்டில் என்ன ஆகுமோ அதுதான் இங்கும். ஆகவே எத்தனை பேர், ஒவ்வொருவர் வயது என்ன, எத்தனை ஆண், எத்தனை பெண் என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள்.

இரண்டு ரூம் போட்டால் கட்டுப்படியாகுமா?

இதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். நானும் கேட்டேன். பதிலைக் கணக்கிலேயே சொல்கிறேன்.

2025இல் மகள் பதினோராம் வகுப்பு முடித்தாள். அடுத்தது பன்னிரண்டு, அந்த ஆண்டு முழுக்கப் படிப்பு, அதன் பிறகு எந்த ஊர்க் கல்லூரியோ, எந்த விடுதியோ. இந்த ஆண்டை விட்டால் நான்கு பேரும் சேர்ந்து கிளம்புவது இனி எப்போது என்று மனைவி கேட்டார். அம்மா, "எனக்குக் குளிர் ஆகாது, நீங்க போங்க" என்று தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். இந்த முறை ஏப்ரல் 28, 29, 30 என்று நாள் குறித்தேன். திங்கள், செவ்வாய், புதன். நம் தொழிலில் சம்பளம் வரும் முதல் பத்துத் தேதிதான் வியாபாரம். மாதக் கடைசியில் கடையில் ஈ ஓட்டுகிறோம். விடுதிக்காரருக்கோ வெள்ளி, சனி, ஞாயிறுதான் வியாபாரம். வார நாட்களில் அவருக்கு ரூம் காலியாகக் கிடக்கும். சம்பளக்காரர்களுக்கு வார நாளில் லீவு கிடைக்காது. நமக்கு நாமே முதலாளி. இந்த வசதியை நம் வணிகர்கள் பயன்படுத்திக்கொள்வதே இல்லை என்பது என் வருத்தம்.

அந்த வார நாட்களில், மே மலர்க் கண்காட்சிக் கூட்டம் வருவதற்கு முன், சுத்தமான டபுள் ரூம் 2,600 ரூபாய்க்குக் கிடைத்தது. இரண்டு ரூம் 5,200. காலைச் சிற்றுண்டியும் அதில் அடக்கம். 2023இல் தரையில் மெத்தை போட்டுக் கொடுத்தது எவ்வளவு? 5,100. நூறு ரூபாய் வித்தியாசம்! வெந்நீர் இரண்டு குளியலறையிலும் வந்தது.

வரியையும் பார்த்துவிடலாம். நமக்குத்தான் ஜி.எஸ்.டி. சொல்லித்தர வேண்டியதில்லையே. 2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள ரூமுக்கு 5 சதவீதம் என்று ஆக்கிவிட்டார்கள்; முன்பு 12 சதவீதமாக இருந்தது. 7,500க்கு மேல் போனால் 18 சதவீதம். இந்த வரி ரூம் ஒன்றுக்குத் தனித்தனியே பார்க்கப்படுவது. எனவே நாலாயிரம் ரூபாயில் இரண்டு ரூம் எடுத்தால் வரியோடு 8,400 ரூபாய். அதே எட்டாயிரத்துக்கு 'ஃபேமிலி சூட்' என்று ஒன்றாக எடுத்தால் 9,440 ரூபாய். ஆயிரத்து நாற்பது ரூபாய் வரியிலேயே மிச்சம். இன்னொன்று: குடும்பச் சுற்றுலா பில்லில் கடையின் ஜி.எஸ்.டி. எண்ணைப் போட்டு வாங்கி வைத்தால் உள்ளீட்டு வரி எடுக்கலாம் என்று சில நண்பர்கள் நினைக்கிறார்கள். சொந்தச் செலவுக்கு அது கிடையாது. தணிக்கையின்போது பதில் சொல்ல வேண்டி வரும்.

எதைக் கேட்டு வாங்குவது

இரண்டு ரூம் என்று முடிவு செய்துவிட்டால் போதாது. ஒன்று முதல் மாடியிலும் ஒன்று மூன்றாவது மாடியிலும் கொடுத்துவிட்டால் இரவெல்லாம் தாய்க்குத் தூக்கம் இருக்காது. 'கனெக்டிங் ரூம்' என்று ஒன்று உண்டு. இரண்டு ரூமுக்கும் இடையே உள்ளேயே ஒரு கதவு இருக்கும். வராந்தாவுக்கு வராமலே போய் வரலாம். இரு பக்கமும் தாழ்ப்பாள் இருக்கும். வளர்ந்த பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை. 'பக்கத்துப் பக்கத்து ரூம்' என்பது வேறு. அதில் உள்கதவு கிடையாது. போனில் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்பார்கள். ஒன்றல்ல. சின்ன விடுதிகளில் கனெக்டிங் ரூம் இருப்பது அபூர்வம். இருந்தாலும் ஒரு ஜோடியோ இரண்டு ஜோடியோதான். "வந்தா பாத்துக்கலாம்" என்று சொன்னால் விட்டுவிடாதீர்கள். ரூம் எண்ணோடு வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். நாம் கொள்முதல் செய்யும்போது சாம்பிள் கேட்பதுபோல, அந்த ரூம்களின் படத்தையும் அனுப்பச் சொல்லலாம். கூச்சப்பட வேண்டாம். என் விடுதிக்காரர் குளியலறைத் தாழ்ப்பாளைக்கூடப் படம் எடுத்து அனுப்பினார். சிரித்துக்கொண்டுதான் அனுப்பியிருப்பார், இருக்கட்டும்.

கட்டிலையும் கேளுங்கள். டபுள் ரூம் என்றால் ஒரே பெரிய கட்டிலாகவும் இருக்கலாம், தனித்தனியாக இரண்டு ஒற்றைக் கட்டிலாகவும் இருக்கலாம். பின்னதற்கு 'ட்வின்' என்று பெயர். பதினான்கு வயதுப் பையன் தூக்கத்தில் காலை எங்கே போடுவான் என்று யாருக்கும் தெரியாது. அவனோடு படுக்கப் போகிறவர் நீங்கள் என்றால் ட்வின் கேளுங்கள்.

யார் எந்த ரூமில் என்பதை வீட்டிலேயே பேசிவிட வேண்டும். நாங்கள் செய்தது: மனைவியும் மகளும் ஒரு ரூம், நானும் மகனும் ஒரு ரூம். பிள்ளைகள் இருவரையும் ஒரு ரூமில் விட்டுவிட்டு நாம் ஒரு ரூமில் இருக்கலாமே என்று சிலர் சொல்கிறார்கள். பத்து வயது வரை சரி. அதற்கு மேல் அண்ணன் தங்கை, அக்கா தம்பி ஆனாலும் அவர்களைக் கேட்காமல் அப்படிச் செய்வது சரியில்லை என்பது என் கருத்து. அதோடு, பதினெட்டு வயது ஆகாதவர்களை மட்டும் ஒரு ரூமில் பதிவு செய்யப் பல விடுதிகள் ஒப்புவதில்லை. ஒரு ரூமை உங்கள் பெயரிலும் இன்னொன்றை மனைவி பெயரிலும் போட்டுவிட்டால் பேச்சே இல்லை. எல்லாருடைய ஆதார் நகலையும், பிள்ளைகளுடையது உட்பட, எடுத்துப் போங்கள்.

ஹோம்ஸ்டே, காட்டேஜ் என்று வீடாகவே கிடைப்பதும் உண்டு. ஆறேழு பேர் போனால் அதுதான் லாபம். சமையலறையும் இருந்துவிட்டால் நம் கடையிலிருந்தே அரிசி, பருப்பு கட்டிக்கொண்டு போய்விடலாம். பெரியவர்கள் உள்ள குடும்பத்துக்கு ரொம்பவும் சௌகரியம். ஆனால் 'இரண்டு பெட்ரூம்' என்று விளம்பரத்தில் இருக்கும், குளியலறை எத்தனை என்று இருக்காது. அதைக் கேட்காமல் முன்பணம் கட்டாதீர்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் சில எழுத்துகளைச் சொல்லுவார்கள். ஈ.பி. என்றால் ரூம் மட்டும். சி.பி. என்றால் காலைச் சிற்றுண்டி சேர்ந்தது. எம்.ஏ.பி. என்றால் அதோடு இன்னொரு வேளை. ஏ.பி. என்றால் மூன்று வேளையும். ஊர் சுற்றப் போகிறவர்களுக்கு சி.பி. போதும். பன்னிரண்டைத் தாண்டிய பிள்ளைகளுக்கும் அதில் சேர்த்திதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வயதுப் பிள்ளைகள் எட்டு மணிக்கு எழுந்து ஒன்பதே முக்காலுக்குச் சாப்பிட வருவார்கள், விடுதியில் ஒன்பதரைக்கு மூடிவிடுவார்கள். இதையும் விசாரித்தே தீர வேண்டும்.

வை-ஃபை பற்றி மகன் முதல் கேள்வியாகவே கேட்டான். செல்போன் பார்க்கவா மலைக்கு வருகிறோம் என்று நான் அதட்டினேன். "காலையில எழுந்ததும் நீங்க எண்ணெய் ரேட் பாக்காம இருப்பீங்களா?" என்று மனைவி கேட்டுவிட்டார். வை-ஃபை உள்ள விடுதியாகவே பார்த்தோம்.

பணமும் பாதையும்

ஆன்லைனில் விலையைப் பாருங்கள், பிறகு விடுதிக்கே நேரில் போன் செய்து பேசுங்கள். நடுவில் உள்ள நிறுவனத்துக்குத் தரகு போகிறது என்பது நமக்குத் தெரியாததா? அந்தத் தரகில் ஒரு பங்கை வாடகையில் குறைத்துக் கொடுப்பார்கள், அல்லது சிற்றுண்டி சேர்த்துக் கொடுப்பார்கள். ஆனால் பிரபல விடுதிகளின் பெயரில் போலி எண்களைப் போட்டு முன்பணம் வாங்கி ஏமாற்றும் கூட்டமும் இருக்கிறது. பணம் அனுப்புமுன் யு.பி.ஐ.யில் வரும் பெயர் விடுதியின் பெயர்தானா என்று பாருங்கள். தனி நபர் பெயர் வந்தால் நிறுத்திவிட்டு மறுபடி விசாரியுங்கள். ரத்து செய்தால் எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும், எவ்வளவு திரும்பி வரும் என்பதையும் எழுதி வாங்குங்கள். நம் தொழிலில் கிளம்புகிற அன்று காலைகூட ஏதாவது வந்து நிற்கும்.

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வண்டிகளுக்குச் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை எண்ணிக்கை வரம்பும் வந்தது: நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. ரூம் போட்டுவிட்டு பாஸ் கிடைக்காமல் கல்லாறில் நிற்கக் கூடாது. நாள் குறிக்கும்போதே அந்த ஆண்டின் விதி என்ன என்று பார்த்துவிட்டு இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள். அரசுப் பேருந்தில் போனால் இந்தக் கவலை இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் போகலாம் என்று பிள்ளைகளுக்கு ஆசை. 46 கிலோமீட்டர், 1908இல் ஊட்டி வரை போட்ட பாதை. முன்பதிவில் இடம் கிடைக்காமல் குன்னூரிலிருந்து ஏறிக்கொண்டோம்.

செக்-அவுட் நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கோயில் ஊர்களில் பல விடுதிகளில் 24 மணி நேரக் கணக்கு. நாம் சாவி வாங்கிய நேரத்திலிருந்து ஒரு நாள். மலை ஊர்களில் பெரும்பாலும் காலை 11 அல்லது பகல் 12 மணி என்று நிலையாக வைத்திருக்கிறார்கள். இரவு எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தாலும் மறுநாள் பகலில் ஒரு நாள் கணக்கு முடிந்துவிடும். இரண்டு ரூமுக்கும் இது பொருந்தும் என்பதால் நஷ்டமும் இரட்டிப்பு.

அந்த ஏப்ரல் பயணத்தின் இரண்டாம் நாள் இரவு உள்கதவு திறந்தே கிடந்தது. அந்தப் பக்கம் தாயும் மகளும் பதினொரு மணி வரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. இந்தப் பக்கம் மகன் இருட்டில் கேட்டான்: "அப்பா, பெரிய ஊருல எல்லாம் பத்து நிமிஷத்துல மளிகை வீட்டுக்கு வருதாமே. நம்ம ஊருக்கும் வந்தா நம்ம கடை என்னப்பா ஆகும்?" ஒரு மணி நேரம் பேசினோம். கடன் நோட்டை எப்படி எழுதுகிறேன், யாருக்குக் கடன் கொடுப்பேன், யாருக்குக் கொடுக்க மாட்டேன், ஏன் என்றெல்லாம் கேட்டான். கடையில் நின்று ஒரு நாளும் அவன் இதைக் கேட்டதில்லை. எனக்கும் சொல்ல நேரம் இருந்ததில்லை.

2025 டிசம்பரில், அரையாண்டு விடுமுறையின்போது, கடையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் என் போனை எடுத்துக்கொண்டு போய் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். பொதுத்தேர்வு முடிந்த பிறகு போவதற்கு ஏதோ ஒரு விடுதி. "நாலு பேர் அங்கிள். அப்பா, அம்மா, எனக்குப் பதினேழு, தம்பிக்குப் பதினாலு. ரெண்டு ரூமுக்கும் நடுவுல கதவு உள்ளேயே இருக்கணும். வெந்நீர் எத்தனை மணி வரைக்கும் வரும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.